அத்தானின் தொண்டையும் காரின் ஹாரனும்

என் அக்காவின் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும், எது தாமதம், தொலைந்த குடை யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. நல்ல குரல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நிலையத்திலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. காலையில் குளியலறை வாசலில் நின்று, "அடுத்துக் குளிக்கவிருப்பவர் தயாராக இருக்கவும்" என்பார். வேலைக்குப் பக்கம் என்று அவர்கள் வீட்டில் தங்கியிருந்த நான்தான் அந்த அடுத்தவள். எத்தனையோ நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்திருக்கிறேன்.

அக்கா நேர் எதிர். அவள் பேசுவது அவளுக்காவது கேட்குமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு வீட்டுக்கு ஒரு ஒலிபெருக்கி போதும் என்று கல்யாணத்தன்றே முடிவு செய்துவிட்டாளோ என்னவோ, எதைக் கேட்டாலும் ஒரு "ம்"தான்.

அவர்களிடம் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் இருந்தது. அதன் ஹாரனை அழுத்தினால் பூனைக்குட்டி தும்முவது போல ஒரு சத்தம் வரும், அதுவும் அதற்கு மனசிருந்தால். வேறு யாராக இருந்தாலும் மாற்றியிருப்பார்கள். அத்தானுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, நிலையத்தில் பேசும் அதே ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பிப்பார்: "அன்பார்ந்த பாதசாரிகளே. பல் மருத்துவரிடம் செல்லும் சாம்பல் நிற வண்டி இன்னும் சற்று நேரத்தில் உங்களைக் கடந்து செல்லும். தயவுசெய்து இடப்பக்கம் ஒதுங்கி நிற்கவும்."

எங்கே போகிறோம் என்று சொல்லாமல் அவருக்கு அறிவிக்கத் தெரியாது. ஆகவே யாருக்குப் பல்வலி, எந்தச் சட்டை அளவு சரியில்லாமல் கடைக்குத் திரும்பிப் போகிறது என்பதெல்லாம் தெருவுக்கே அத்துப்படி. பதவி உயர்வு நேர்காணலுக்கு அவரோடு காரில் போன அன்று, தெருமுனைப் பழவண்டிக்காரர் என்னைப் பார்த்து, "போன தடவ மாதிரி பதறிடாதீங்கம்மா" என்று வாழ்த்தி அனுப்பினார். அத்தானை அப்படியே இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் கார் அவருடையது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு நாள் வேலையில், பாதி அறிவிப்பில் அவர் குரல் கரகரத்து நின்றுவிட்டது. தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே வீங்கியிருக்கிறது, ஒரு மாதம் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அத்தான் உடைந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கொரல் போயிடுச்சுன்னா அப்புறம் நான் யாருங்க டாக்டர்?"

மருத்துவர் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவரைக் கேலி செய்தே பழகிய எனக்கு அன்று பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த வருஷத்தின் மிக நீண்ட வாக்கியத்தைச் சொன்னாள். தெருவில் கத்திக் கத்தித்தான் தொண்டை போயிற்று, முதல் வேலையாக அந்த ஹாரனை மாற்றுங்கள் என்றாள். அத்தான் மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்துவிட்டு, பிறகு மெக்கானிக்கிடம் போய் ஸ்டியரிங்கைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், கையை விரித்தார். மனிதருக்கு வண்டி ஓட்டி ஓட்டிப் பசி போலும் என்று நினைத்து மெக்கானிக் சாப்பாட்டுக் கடைக்கு வழி காட்டினார். இது சரிப்படாது என்று அத்தான் உதிரி பாகக் கடையில் விரலால் சுட்டி ஒரு புது ஹாரனை வாங்கிவந்து, வீட்டு வாசலில் தானே வேலையில் இறங்கினார்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, முன்னால் இருந்த வலைத்தட்டியை எடுத்தார். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிப் பழைய ஹாரனை வெளியே எடுத்தால், அதன் வாய்க்குள் குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. இத்தனை நாள் தும்மியதே பெரிய விஷயம். பானெட்டைத் தாங்கும் கம்பி எப்போதோ காணாமல் போயிருந்ததால், அந்தக் கம்பியாக நான் நின்றேன்.

புது ஹாரனைப் பொருத்தி, ஒயர்களைச் செருகி, பேட்டரியை இணைத்தாயிற்று. அக்கா உள்ளே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பானெட் மறைத்ததால் அவர் அவள் கண்ணுக்குத் தெரியமாட்டார், அவருக்கோ பேச்சில்லை. ஆகவே கார் மேல் ஒரு தட்டு என்றால் அழுத்து, இரண்டு தட்டு என்றால் நிறுத்து என்று சைகையிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். அத்தான் ஒரு தட்டு தட்டினார். தெருவிலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. இரண்டு தட்டு, சத்தம் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஹாரனின் வாய் மேல்நோக்கி இருப்பதையும், மழை பெய்தால் தண்ணீர் இறங்கும் என்பதையும் அப்போதுதான் கவனித்தார். குனிந்து, தலையை உள்ளே விட்டு, அதைக் கீழ்நோக்கித் திருப்ப ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினார்.

அக்கா சொன்ன சொல் தவறாதவள். அழுத்தினாள்.

காதோரம் வெடித்த சத்தத்தில் அத்தான் துள்ளி எழுந்தார். தலை பானெட்டில் டொம்மென்று இடித்தது. அதுவும் கணக்குப்படி ஒரு தட்டுதான். முதல் தட்டுக்குத் தான் அழுத்தியது போதவில்லை என்று நினைத்து அக்கா இரண்டு கையாலும் அழுத்தினாள். அத்தான் வாய் பிளந்தது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

நான் கத்திய பிறகுதான் அக்கா கையை எடுத்தாள். ஓடி வந்தவள் திறந்திருந்த அவர் வாயையே பார்த்தாள். "இவ்ளோ வலியில கூட சத்தம் வரலையேடி" என்று அழ ஆரம்பித்தாள். அத்தான் தரையில் உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்து, தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்தது என்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் கிளம்பினோம். தெருமுனையில் பழவண்டி குறுக்கே நின்றது. அத்தான் புது ஹாரனை அழுத்தினார். பழவண்டிக்காரர் தூக்கிவாரிப் போடத் திரும்பினார். தெருவுக்குச் சேதி சொல்கிறவரே வாயை மூடிவிட்டதால், அவர் வாய் மூடிய சேதி தெருவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இத்தன நாளா ஆளையே காணோம். இன்னைக்கு வந்ததும் வராததுமா இப்படி எரிஞ்சு விழுறீங்க. நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்றார். வண்டியை நகர்த்தாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அத்தான் மன்னிப்பாக மெல்ல ஒரு முறை அழுத்தினார். அந்த ஹாரனுக்கு மெல்ல என்பதே கிடையாது. தெரு மொத்தமும் திரும்பி முறைத்தது. அப்போது முன் இருக்கையில் கண்ணாடி இறங்கியது. என் அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"அன்பார்ந்த பாதசாரிகளே. தொண்டை மருத்துவரிடம் செல்லும் சாம்பல் நிற வண்டி இன்னும் சற்று நேரத்தில் உங்களைக் கடந்து செல்லும். ஓட்டுபவருக்குக் குரல் இல்லை. யார் மேலும் கோபம் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி நிற்கவும்."

அதே ஏற்றம், அதே இறக்கம். தெருக்கோடி வரை கேட்டது. கல்லுளிமங்கி, இந்தக் குரலை இத்தனை வருஷம் எங்கே பூட்டி வைத்திருந்தாள்? பழவண்டிக்காரர் விழுந்தடித்து வண்டியை ஓரம்கட்டினார். அத்தான் சாலையைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நான் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

மருத்துவர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது, கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றார். மாதம் இன்னும் முடியவில்லையே என்று அத்தான் விரல்விட்டுக் காட்டினார். பரவாயில்லை, சொன்னது நான்தான், இப்போது பேசச் சொல்வதும் நான்தான் என்றார் மருத்துவர். அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். அத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"தயவுசெய்து விட்டுப்போச்சு."

பழைய குரல், கொஞ்சம் துருவோடு. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒதுங்கி நிக்கச் சொன்னப்போ தயவுசெய்துன்னு சொல்லல. மத்ததெல்லாம் என்னவிட நல்லாவே சொன்ன."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, நேற்று மண்டை இடித்தபோது ஏன் கத்தவில்லை என்று கேட்டாள். சத்தம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, வாய்தான் திறந்துவிட்டது, சத்தத்தை உள்ளேயே பிடித்துக்கொண்டேன் என்றார் அவர். உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும் அதைத்தானாம். அந்த நிமிஷம் அவரை என்ன செய்தால் தகும் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது தெருமுனையில் பழவண்டி அதே இடத்தில், அதே குறுக்கில் நின்றது. அத்தான் ஹாரனில் கை வைக்கவில்லை. தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கவில்லை.

"நீ சொல்லு" என்றார் அக்காவிடம். வேலையிடத்தில் தன் மைக்கை யாரையும் தொடவிடாதவர் அவர்.

அக்கா தலையை நீட்டினாள். "அன்பார்ந்த பாதசாரிகளே. தொண்டை மருத்துவரிடமிருந்து திரும்பும் சாம்பல் நிற வண்டி இப்போது உங்களைக் கடந்து செல்லும். குரல் திரும்பிவிட்டது. தயவுசெய்து இடப்பக்கம் ஒதுங்கி நிற்கவும்."

ஒருவரும் ஒதுங்கவில்லை. பழவண்டிக்காரர் முதலில் ஓடி வந்தார், பின்னாலேயே தெருவே வந்தது. குரல் எங்கே, ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்று நான்கு பக்கமும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். வண்டி ஒரு அடி நகர வழியில்லை. பக்கத்திலேயே, ஊரையே எழுப்பக்கூடிய புத்தம் புது ஹாரன் இருந்தது.

அத்தான் இன்ஜினை அணைத்தார்.