கமிசாவாவில் இறங்காமல் போன கதை

டோக்கியோவில் காலை ஏழு மணிக்கு ரயில் ஏறினேன். ரங்கூனிலிருந்து கோயில்கள் பார்க்க வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. எனக்குக் கோயில் ஒரு சாக்கு. மகன் சுந்தர் இந்த நாட்டில் ஒரு தக்காளித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் பிள்ளைகளைப் பிடிக்க ஆரம்பித்ததும் கிளம்பியவன். இனி அவன் திரும்ப வழியில்லை. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள், அவன் முதலாளி கொடுத்தது ஒரு மதிய நேரம்.

"ஸ்டேஷன்ல ஆளே இருக்க மாட்டாங்கம்மா. டிக்கெட் கேக்கறவங்ககூடக் கிடையாது. நான் பிளாட்பாரத்துல நிப்பேன்" என்று போனில் சொல்லியிருந்தான்.

இரண்டாவதாக மாறி ஏறியது ஒற்றைப் பெட்டி ரயில். பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஜப்பான்காரர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்த இதே பெட்டிதான் எங்கள் ரங்கூன் வட்ட ரயிலில் ஓடுகிறது. அதே நீல இருக்கை, கதவுக்கு மேலே அதே ஜப்பானியச் சிவப்பு எழுத்து. கெமண்டைன் மார்க்கெட்டுக்கு நித்தம் இதில் போய்வருகிறவளுக்கு யார் வழி சொல்ல வேண்டும்? பின் கதவருகே சட்டமாக உட்கார்ந்தேன்.

பெட்டியில் என்னோடு ஓர் அம்மாள் மட்டும். அவரும் பேசவில்லை. எங்கள் ரயிலாக இருந்தால் இதற்குள் பட்டாணிக்காரி இரண்டு தடவை வந்துபோயிருப்பாள். வெளியே அறுத்துப்போட்ட வயல்கள். ஒரு வீட்டு வாசலிலும் ஆள் இல்லை. இந்த ஊரில் என் பிள்ளை யாரோடு பேசுவான்?

பன்னிரண்டு மணிக்குக் கமிசாவா. ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் சுந்தர். இளைத்திருந்தான். பையைத் தூக்கிக்கொண்டு பின் கதவில் நின்றேன். ரங்கூனில் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், வண்டி நிற்பதற்குள் பாதிப் பேர் குதித்துவிடுவார்கள். இது திறக்கவில்லை. தட்டினேன். வெளியே சுந்தர் வேகவேகமாகக் கையை ஆட்டினான். நானும் சந்தோஷமாகக் கையை ஆட்டினேன். வண்டி நகர்ந்துவிட்டது.

அடுத்த நிலையத்தில் அந்த அம்மாள்தான் என்னை முன் கதவுக்குக் கூட்டிப்போய், ஓட்டுநர் பக்கத்து உண்டியலில் காசு போடவைத்து இறக்கிவிட்டார். ஓட்டுநர் குனிந்து வணங்கினார். வண்டி போயிற்று. அங்கேயும் ஆளில்லை. ஒரு பெஞ்சு, அதில் யாரோ தைத்துப் போட்ட மெத்தை, மூலையில் துடைப்பம். திரும்பும் ரயில் இரண்டு மணிக்கு. அதை விட்டால் இரவுக்குள் டோக்கியோ போய்ச் சேர முடியாது. என் போன் இங்கே வேலை செய்யவில்லை. ஒரு மனிதர் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அழத்தான் முடிந்தது.

ரயில் வரக் கொஞ்ச நேரமே இருக்கையில் சுந்தர் சைக்கிளில் வந்து சேர்ந்தான். மலையைச் சுற்றிப் பாதி வழி தள்ளிக்கொண்டே வந்தானாம். மூச்சு வாங்கியது.

"முன்னால போன்னு கையைக் காட்டுனேனேம்மா!"

"நீ டாட்டா காட்டுறேன்னு நெனச்சேன்டா."

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஆள் இல்லாத ஸ்டேஷன்ல முன் கதவு மட்டுந்தான் தெறப்பாங்க. கதவுக்கு மேலயே எழுதியிருக்கு. நம்ம ரங்கூன் பெட்டியிலயும் அதேதாம்மா."

"அங்க எவன்டா அதப் படிச்சான்?"

கொண்டுவந்திருந்த லப்பே பொட்டலத்தைப் பிரித்தேன். ஊறிய தேயிலையையும் வறுத்த பருப்பையும் கையாலேயே பிசைந்து தின்றான். எப்போது வருவாய் என்று கேட்டேன். விரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். ரயில் வந்தது.

"முன் கதவுலயே ஏறும்மா. எறங்கறப்பவும் முன்னால போயிரு."

வழியில் வண்டி கமிசாவாவில் நின்றது. முன் கதவு திறந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இப்போது பழையபடி வட்ட ரயில், பட்டாணிக்காரி, சத்தம். தலைக்கு மேலே அந்தச் சிவப்பு எழுத்து. கெமண்டைன் வந்ததும் எல்லாக் கதவிலும் ஜனங்கள் குதிக்கிறார்கள். நான் மட்டும் கூடையோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு முன் கதவுக்குப் போகிறேன்.

"இந்தக் கதவு தொறந்துதானே இருக்கு, அங்க எங்க போறே?" என்று பட்டாணிக்காரி பர்மியில் திட்டுகிறாள்.

பழகிக்கொள்கிறேன் என்று சொல்கிறேன். அடுத்த தடவை கமிசாவாவில் இறங்க வேண்டுமே.