குறுக்கே வந்தவள்

என் கணவரின் வலது காலை முடமாக்கியவள் நான்.

ஊர் அதை விபத்து என்கிறது. காவல் நிலையக் காகிதமும் அப்படித்தான் சொல்கிறது. அவரும் அதையே நம்புகிறார். அதைவிடக் கொடுமை... அன்று தன்னைக் காப்பாற்றியவள் நான் என்று நம்புகிறார். அந்த நன்றியில்தான் இத்தனை ஆண்டுகளாக நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்தான். வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

என் பெயர் சுமதி. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் ஞானவேல் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். குவார்ட்டர்ஸில் மாடி வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவருக்குக் கோபம் வராது. பொறாமை என்பது என்னவென்றே தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு மழைநாளில், என்னோடு வேலை பார்த்த ஒருவர் என்னைத் தன் வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டார். இவர் அவரை உள்ளே அழைத்து, துண்டு கொடுத்து, காபி போட்டுக் கொடுத்து, "நீங்க தெனமும் இந்தப் பக்கந்தான் போறீங்களா? அப்ப மழை பெய்யறப்பல்லாம் இவளையும் ஏத்திக்குங்களேன்" என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் மகிழ்ந்திருப்பாள். நான் குளியலறையில் தாழிட்டுக்கொண்டு அழுதேன். என்னை யார் கூட்டிப்போனாலும் இவருக்குப் பரவாயில்லையா? ஆசை இருந்தால் கொஞ்சமாவது எரிய வேண்டாமா? என் அறிவு அவ்வளவுதான் அப்போது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை அலுவலக விழாவில் அவர் ஒரு நகைச்சுவை நாடகத்தில் நடித்தார். கிழவி வேஷம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வரும் வழியில், "உங்களுக்கு இதெல்லாம் தேவையா? பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க" என்றேன்.

"சிரிக்கத்தான நடிச்சோம்" என்றார், மெதுவாக.

அதன்பிறகு மேடையைப் பற்றி வீட்டில் அவர் பேசவே இல்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, அவர் மாலையில் தாமதமாக வரத் தொடங்கினார். கேட்டால் ஆடிட் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்; சொல்லும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு நாள் காலை குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"நீ எனக்கு மட்டுந்தான். வேற எவனாவது உன்னத் திரும்பிப் பாத்தாக்கூட என்னால தாங்க முடியாது."

கையில் தோசைக் கரண்டியோடு நின்றுவிட்டேன். அந்தச் சொற்களைத்தான் நான் வருடக்கணக்காக அவர் வாயிலிருந்து எதிர்பார்த்தேன். அவை வந்துவிட்டன... ஆனால் எனக்கு அல்ல. யாருக்கோ!

அன்று மாலையே நூலகத்தில் உடன் வேலை செய்பவளிடம் அவளுடைய ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கினேன். என் வண்டியை அவர் அடையாளம் கண்டுகொள்வாரே. பச்சைத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டி, மேலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். இந்த ஊர் வெயிலுக்குப் பாதிப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அவர் பைக் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுத் தெரு ஒன்றில், மஞ்சள் சுவர் வீட்டின் முன்னால் நின்றது. கதவைத் திறந்தவள் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியிருப்பாள், குட்டையாக வெட்டிய தலைமுடி, கவுன் போன்ற நீண்ட உடை. அவரைப் பார்த்ததும் சிரித்தாள். தோளைப் பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒரு முத்தம், அந்தக் கன்னத்தில் ஒரு முத்தம். கதவு மூடியது.

பிரெஞ்சுக்காரர்களோடு கலந்து வாழ்ந்த குடும்பங்களில் அது வணக்கம் சொல்வது போல என்று எனக்குத் தெரியாதா? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரிந்த எதுவும் எனக்கு உதவவில்லை. தெருவில் நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்...

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே ஸ்கூட்டர், அதே துப்பட்டா. இந்த முறை அவள் வெளியே வந்து அவர் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டாள். அவர்கள் தெற்கே போனார்கள். அரியாங்குப்பம் தாண்டியது. ஊரைவிட்டே வெளியே போகிறார்கள். கடலூர் சாலையில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே நான் பின்தொடர்ந்தேன். அந்தப் பக்கம் கடலோரத்தில் தங்கும் விடுதிகள் உண்டு என்பது மட்டுமே என் மண்டையில் ஓடியது. அவள் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். என்னோடு அவர் அப்படிச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது.

தவளக்குப்பம் சந்திக்கு முன்னால் ஸ்கூட்டரை முறுக்கினேன். அவர்களை முந்திப்போய், நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி என் முகத்தைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதானா? பக்கத்தில் போனபோது அவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். நான் நேரே போயிருக்கலாம். போகவில்லை. அவர் பக்கமாகவே ஒடித்தேன். அந்த ஒரு நொடியில் அவர்கள் இருவரும் விழட்டும் என்று என் மனது கேட்டது. கேட்டது கிடைத்தது.

நான் அவர்களைத் தொடக்கூட இல்லை. அவர் என்மேல் மோதாமலிருக்கத் திருப்பினார். சாலையோர மணலில் சக்கரம் சறுக்கி, பைக் அவர் காலை இழுத்துக்கொண்டுபோய்க் கல்லில் அடித்தது.

யாரோ ஒருத்தியைக் காப்பாற்றப் போய்த்தான் அவர் விழுந்தார். அந்த யாரோ ஒருத்தி நான்.

கொஞ்ச தூரம் போய் நின்றேன். ஹெல்மெட்டையும் துப்பட்டாவையும் கழற்றி வண்டியில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன். கூடிய கூட்டம் கண்டது, கணவன் அடிபட்டுக் கிடக்க அலறிக்கொண்டு ஓடிவந்த ஒரு மனைவியை. அவர் ரத்தத்துக்கு நடுவே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சுமதி... நீ எப்பிடி இங்க?"

"கடலூர்ல ஒரு வேலையா போயிட்டு வந்துட்டிருந்தேன்" என்றேன். எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பொய்!

"கடவுளே உன்ன அனுப்பியிருக்காரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் விடவே இல்லை.

காலில் எலும்பு பல இடங்களில் நொறுங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை. போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு சார். முகம் தெரியல. பாவம், அவளே பயந்துபோய் ஓடியிருப்பா. விட்டுருங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பெயர் ஜெசிந்தா. எல்லோரும் மதாம் என்று கூப்பிட்டார்கள். பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள், கணவனை இழந்தவள். ஓய்வு நேரத்தில் நண்பர்களைச் சேர்த்து நாடகம் போடுவாள். அந்த வருடம் பழைய பாணி பிரெஞ்சு நகைச்சுவை ஒன்றைத் தமிழில் எழுதியிருந்தாள். பெண்டாட்டியின்மேல் சந்தேகம் கொண்ட ஒருவன் வீட்டு ஜன்னல்களை ஆணியடித்து மூடுகிறான். கள்ளக் காதலனைப் பிடிக்க அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறான். கடைசியில் திருடன் என்று நினைத்து அவனுடைய வேலைக்காரனே அவனை அடித்து நொறுக்குகிறான். அந்தச் சந்தேகக் கணவன் வேஷம் என் கணவருக்கு. குளியலறையில் நான் கேட்டது அவனுடைய வசனம். தவளக்குப்பத்தில் ஒரு தையல்காரரிடம் அவனுடைய கோட்டுக்கு அளவு கொடுக்கத்தான் அன்று போனார்கள்.

"ஏங்க என்கிட்ட மறைச்சீங்க?" என்று கேட்டேன்.

"உனக்குப் புடிக்காதேன்னு. நல்லா வந்துச்சுன்னா உன்ன முன் வரிசையில உக்கார வெச்சு, நீ சிரிக்கிறியான்னு பாக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

மருந்து வாங்கி வருவதாகச் சொல்லி வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"கிரேக்க நாட்டுல ஒரு பழைய கதை இருக்கும்மா. ஒரு வேட்டைக்காரன். காட்டுல அலைஞ்சு களைச்சுப்போயி மரத்தடியில படுத்துக்கினு, 'வா, என் நெஞ்சு மேல வந்து படு'ன்னு காத்தக் கூப்புடுவான். எவனோ அதக் காதுல வாங்கிக்கினு போயி, உன் புருஷன் காட்டுல எவளையோ கூப்புடுறான்னு அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டான். அவ வந்து புதர்ல ஒளிஞ்சுக்கினா. எலை அசைஞ்சுது. ஏதோ மிருகம்னு நெனச்சு அவன் ஈட்டிய வீசிட்டான்."

"அப்புறம்?"

"அவன் மடியிலயே செத்துப்போனா. சாவறப்பதான் தெரிஞ்சுது, அவன் கூப்பிட்டது வெறும் காத்தத்தான்னு."

அவள் என்னைப் பார்க்காமல் முழங்கைக் கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "பச்சைத் துப்பட்டா உனக்கு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அத இனிமே கட்டாத."

கீழே விழுந்து கிடந்தவள், நான் ஹெல்மெட்டைக் கழற்றியதைப் பார்த்திருக்கிறாள்!

அன்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாழ்க்கை முடிந்திருக்கும். சொல்லவில்லை. மாறாக, அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் அடிக்கடி வந்தாள். வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக ஏதாவது கொண்டுவருவாள். ஒருநாள் கேக், ஒருநாள் சாப்பாடு. அவர் உடைந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு நாளில், நாடகத்தையே மாற்றி எழுதி எடுத்துவந்தாள். சந்தேகக் கணவனுக்கு இப்போது கால் வாதம். நாற்காலியைவிட்டு எழ முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டையும் பெண்டாட்டியையும் காவல் காக்கிறான்.

"இது இன்னும் சிரிப்பு, ஞானவேல்" என்றாள். அவர் காகிதங்களை வாங்கிப் புரட்டினார். விபத்துக்குப் பிறகு அவர் முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான். அவள் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

நாடகம் நடந்தது. நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "நீ எனக்கு மட்டுந்தான்" என்று அவர் கட்டுப்போட்ட காலை ஆட்டிக் கத்தியபோது அரங்கமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். அவர் மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்க்கிறார் என்பதற்காகவே சத்தமாகச் சிரித்தேன். கண்ணீர் வழிந்தது, சிரித்ததால் வந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "அன்னைக்கு இவ அந்த வழியா வரலன்னா நான் இன்னைக்கு இங்க இல்ல. எனக்கு உயிர் குடுத்தவ இவ" என்று சொல்லி என் கையைத் தூக்கிப் பிடித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓரமாக நின்ற ஜெசிந்தாவும் தட்டினாள். கீழே இறங்கி வந்ததும் என் தோளைப் பிடித்து இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. அவள் கன்னம் ஈரமாக இருந்ததா, என்னுடையதா... தெரியவில்லை.

பிறகு அவள் பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். போகுமுன் அவளிடம் கேட்டேன்.

"ஏன் மதாம் அவர்கிட்ட சொல்லல?"

"நான் எதுக்கும்மா சொல்லணும்? என் புருஷனா அவரு?" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "சொல்லணும்னா நீ சொல்லு. சொல்லாட்டி நல்லாப் பாத்துக்க. ரெண்டுல ஒண்ணாவது செய்."

இரண்டாவதைச் செய்கிறேன். அதைச் செய்யக் கிடைத்ததற்கு நான் எவ்வளவு கடன்பட்டவள் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அவர் உயிரோடு இருக்கிறார். கால் மடங்காது, ஆனால் நடக்கிறார். காலையில் அவர் இருமும் சத்தம் கேட்டு எழுகிறேன். மாலையில் நான் வரத் தாமதமானால் இன்றும் யாரோடு வந்தாய் என்று கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார். அவர் கேட்காத கேள்விக்காக ஒரு காலத்தில் அழுதவள், இன்று அவர் கேட்கும் இந்தக் கேள்விக்காகவே வீட்டுக்கு விரைகிறேன். வாய் திறக்காத அந்தப் பெண்ணுக்கும், யாரென்றே தெரியாத ஒருத்திக்காக வண்டியைத் திருப்பிய இந்த மனிதருக்கும் நான் தினமும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

முதலாவதை ஏன் செய்யவில்லை? அவருக்கு வலிக்கும் என்பதாலா, என்னை அவர் வேறு கண்ணால் பார்ப்பார் என்பதாலா? முதல் காரணத்தை உங்களிடம் சொல்ல ஆசைதான்... ஆனால் இரண்டாவதுதான் உண்மை.

போன ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு முன் வரும் வலியில் அவர் காலை நீட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குக் குறுக்க வந்தாளே, அந்தப் பொண்ணு" என்றார் திடீரென்று. "இப்ப எங்க இருக்காளோ. அவ மனசுல இது உறுத்திக்கிட்டு இருக்குமோ என்னவோ. அவளப் பாத்தா, ஒண்ணும் இல்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுவேன்."

என் கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?"

"எண்ணெய் ஆறிப்போச்சுங்க" என்றேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.