பறந்துவிடும் என்று நான் பயந்த வேன்

வெயிலில் நின்ற வேனின் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் தொடை பொசுங்கும். அந்தச் சூட்டோடு டீசல் வாடையும் சேர்ந்து குமட்டும். வாலிகண்டபுரத்தில் எங்கள் வாசலில் நின்ற அந்த வேன் சித்தப்பாவுடையது. கல்யாணம், காதுகுத்து என்று ஆள் ஏற்றிப் போவார்.

எனக்கு எட்டு வயதானபோது அவர்தான் என்னைப் பெரம்பலூர் தியேட்டருக்குக் கூட்டிப்போய், தமிழ் பேசும் இங்கிலீஷ் படம் ஒன்றைக் காட்டினார். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே கார்கள் பறக்க, எல்லோரும் விசிலடித்தார்கள். ஒரு கார் மட்டும் உயரத்திலேயே நின்றுபோய், உள்ளே இருந்த பெண் கண்ணாடியில் அறைந்து கத்தக் கத்தத் தலைகீழாக விழுந்தது. வீடு திரும்பியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வேனும் பறக்குமா என்று கேட்டேன். "ரொம்ப வெரசா ஓட்டினா தூக்கிரும் பாப்பா" என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் நம்பிவிட்டேன்.

அப்போது அம்மா நிறைமாதமாக இருந்தாள். லாரி ஓட்டும் அப்பா சென்னைக்குப் போயிருந்தார். ஒரு மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டுச் செல்லம் அத்தை ஓடிவந்து பார்த்துவிட்டு, "வலி கண்டவள வச்சிக்கிட்டு நேரம் பாக்கக் கூடாது, வெரசா வண்டிய எடு" என்றார். 'வெரசா' என்ற சொல் காதில் விழுந்ததும் உயரத்திலிருந்து விழுந்த அந்தக் கார்தான் என் கண்முன் வந்தது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி, சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்துவைக்கப் படல் கட்டிய 'பட்டறை'யின் இடுக்கில் போட்டுவிட்டேன்.

சித்தப்பா வீட்டைப் புரட்டினார். அம்மாவின் முனகல் கதறலாக மாறியது. அது படத்தில் கேட்ட அதே கதறலாக எனக்குக் கேட்டது. தாங்க முடியாமல் கொல்லைக்கு அவரை இழுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் போட்ட, அத மட்டும் காட்டு" என்றார்.

படலைப் பிய்த்தெறிந்தார். கொல்லையெங்கும் வெங்காயம் உருண்டது. கால் மணி நேரம் போனபின் சாவி கிடைத்தது. வேனின் தரையில் படுத்து, அது மேலே எழும்பாதபடி என் உடம்பால் அழுத்திக்கொண்டே பெரம்பலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன்.

தம்பி கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தான், வெகுநேரம் அழவில்லை. கதவுக்கு வெளியே சித்தப்பா என் கையைப் பிடித்தபடி நின்றார். பிறகு மெல்லியதாக ஒரு அழுகை கேட்டது. வெங்காயம் பார்க்கக் குனிந்தபோது தன் பையிலிருந்துதான் சாவி விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்ன அவர், அப்பா திட்டியதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

இன்று அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. வேன் எடைக்குப் போய்விட்டது. என் மகள் செல்போனில் பறக்கும் கார்களைப் பார்த்து, எல்லாம் கிராபிக்ஸ் என்று சிரிக்கிறாள். நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். தம்பி திருச்சியில் வேலை பார்க்கிறான். அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. போன வருஷம் சித்தப்பாவும் போய்விட்டார். சாவியை எடுத்தது யார் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.