சுவருக்கு வெளியே இருந்த சுருதி

செய்தி வந்தபோது நான் மில்லின் டிரான்ஸ்பார்மர் யார்டில் எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் செல்போன் மணி கேட்காது. வாட்ச்மேன் வேலிக்கு வெளியே நின்று கையை ஆட்டிய பிறகே பார்த்தேன். பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. சுகந்தி, தான் வேலை பார்த்த மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சரிந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. என் மனைவிக்கு முப்பத்தொரு வயது.

உங்களில் பெரும்பாலோர் அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் அறிந்தவர்கள். நான் மற்ற ஆறு நாட்களில் அறிந்தவன். மூன்று வருடங்களாக ஞாயிறு மாலை நாலு மணிக்கு, செட்டியார்பட்டியில் முன்பு பேண்டேஜ் துணி நெய்து, இப்போது ஓடாமல் கிடக்கும் தறிக்கூடத்தில் நீங்கள் கூடிப் பாடும் இடத்துக்கு அவள் வந்துபோனாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்குப் பாட வராது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். "எனக்கு மட்டும் வருதாக்கும்?" என்பாள். அடக்கத்துக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பேருந்து நிலையத்தில் வாங்கிய வறுத்த கடலை கைப்பையில் இருக்கும். என்ன பாடினாய் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அவள் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு கேள்வி மட்டும் கூடவே இருந்தது. அங்கே போய் அவள் என்னதான் செய்துகொண்டிருந்தாள்?

நாற்பது நாள் கழித்து வரதன் மாமா போன் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பஜனைகளில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார். தறிக்கூடத்துச் சுவருக்கு வெளியே நிற்கும் டிரான்ஸ்பார்மரை மாற்றப் போகிறார்களாம், நான் எலக்ட்ரிக்கல் ஆள், ஒரு நடை வரவேண்டும் என்றார். பாடுகிறவர்களுக்கு டிரான்ஸ்பார்மரைப் பற்றி என்ன கவலை? அதைத் தெரிந்துகொள்ளவே கிளம்பினேன்.

மில்களுக்கு லீவு என்பதால் ஞாயிறன்றே வேலை நடந்தது. நான் போனபோது கிரேன் பழையதை இறக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. தறிக்கூடத்துக்குள் புழுக்கத்தில் பத்துப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். வரதன் மாமாவின் பக்கத்தில், செல்போன் கடை வைத்திருக்கும் ஸ்டீபன், மாதா கோயில் பாடற்குழுவுக்கு வாசிக்கும் கிட்டாரோடு இருந்தார். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் இசக்கியம்மாள் அக்கா எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சுகந்தி எந்தப் பாட்டைப் பாடுவாள் என்று அவரிடம் கேட்டேன்.

"அவ பாடவே மாட்டா தம்பி," என்றார் அக்கா. "அந்தா, அந்தச் சொவரு ஓரமா நிப்பா. கேப்பா. அவ கேட்டு முடிச்ச பொறவுதான் நாங்க பாடுவோம்."

பிறகு நீங்கள் எல்லோரும் சொல்லித்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பாதி நேரம் சண்டையிலேயே போகுமாம். மாமாவின் ஆர்மோனியப் பெட்டி ஒரு சுருதி. ஸ்டீபன் செல்போனில் சுருதி பார்க்கும் ஆப்பில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டி, தன்னுடையதுதான் சரி என்பார். அக்கா இரண்டையும் மதிக்காமல் தன் தொண்டைக்குப் பாடுவார். ஒருநாள் எல்லோரும் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியபோது, சுவருக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. சுகந்திதான் சொல்லியிருக்கிறாள். "இவனுக்கு யார் மேலயும் கோவம் இல்ல. இவன்கூட சேந்துக்கிடுவோம்."

அந்த ஒலி ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுவது. கிட்டார் கம்பியை முறுக்கிவிடலாம். ஆர்மோனியத்தில் உள்ளே இருந்து ஒலி எழுப்பும் ஒவ்வொரு பித்தளை நாக்கையும் சுரண்டவேண்டும். சுரண்டினால் அந்தப் பெட்டி பிறகு எந்தப் பஜனைக்கும் ஆகாது. மாமா தயங்கினாராம். சுகந்தி ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாளாம்.

அந்த ஒரு வாரம் எனக்கு நினைவிருக்கிறது. செண்பகத்தோப்பிலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் மூன்று டிரான்ஸ்பார்மர்களின் அருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்குப் பசி. எல்லாம் ஒன்றுபோலக் கத்துமா என்று கேட்டாள். கரண்ட் ஒரு நொடியில் ஐம்பது முறை சுற்றுகிறது, உள்ளே இருக்கும் இரும்புத் தகடு அதற்கு நூறு முறை அதிர்கிறது, நாடு முழுக்க இதேதான் என்று சலிப்போடு சொன்னேன். அவள் விடவில்லை.

"பழசு, புதுசு, பெருசு, சின்னது?"

"எல்லாம்."

"ஒருத்தர் உங்கள நம்பி ஒரு காரியம் செஞ்சா, பொறவு மாறிராதே?"

மாறாது என்றேன். யார் என்ன காரியம் செய்யப்போகிறார் என்று கேட்கவில்லை.

"வந்து சொன்னா," என்றார் வரதன் மாமா. "எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார் மாமா, தைரியமாச் சுரண்டுங்கன்னா. ஒரு மாசம் ஒக்காந்து சுரண்டுனேன். இப்ப புதுசு வருது. அவளும் இல்ல. ஒருதடவ உங்க வாயால சொல்லிருங்க தம்பி."

மாறாது மாமா என்றேன். இத்தனை நாள் ஒருமுறைகூட வராமல் இருந்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

"வரலைன்னு யாரு சொன்னா?" என்றார் இசக்கியம்மாள் அக்கா. "மூணு வருசமா நீங்க சொன்ன சுருதிலதான பாடுதோம்."

நாலரை மணிக்கு மின்விசிறி சுழன்றது. எல்லோரும் காதைத் தீட்டினோம். ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் முகம் வாடியது. புதியதில் தகடுகள் இறுக்கமாக இருக்கும், ஒலி அதேதான், சன்னமாக வரும் என்று விளக்கினேன். சுவர் தாண்டி உள்ளே வர அதற்குப் பலமில்லை.

"அப்ப யாராவது போய் எடுத்துட்டு வாங்க," என்றார் அக்கா. யாரும் எழுந்திருக்கவில்லை. அது அவள் வேலை.

நான் எழுந்து வெளியே போய் அவள் நிற்கும் இடத்துக்கு நேர் வெளிப்புறத்தில் நின்றேன். சற்று நேரத்தில் கேட்டது. பதினொரு முறை போன் அடித்தபோது நான் யார்டில் கேட்டுக்கொண்டு நின்றிருந்த அதே ஒலி. அன்றிலிருந்து மில் யார்டுக்குள் காதை அடைக்கும் இயர் பிளக் இல்லாமல் நான் போனதில்லை. இங்கே வெறுங்காதோடு கேட்டேன். அதை வாய்க்குள் முனகிப் பிடித்துக்கொண்டு, கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி நகராமல் பார்த்தபடி நடப்பவனைப் போல உள்ளே வந்தேன். மாமா ஒரு கட்டையை அழுத்தினார். சேர்ந்தது. ஸ்டீபன் ஒரு கம்பியைத் தொட்டார். "விட்டுராதீங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அக்கா பாட ஆரம்பித்தார்.

என்னை அழைத்தது டிரான்ஸ்பார்மருக்காக மட்டும்தானா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

சுகந்தியின் புடவைகளை அவள் தங்கை கொண்டுபோய்விட்டாள். அவள் பாடிய பாட்டு என்று எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது அவள் நின்று கேட்ட ஒரு சுரம். ராஜபாளையத்திலிருந்து தேவதானம் வரை டிரான்ஸ்பார்மர் இருக்கும் எந்தத் தெருமுனையில் நின்றாலும் அது கிடைக்கிறது. திங்கட்கிழமை யார்டுக்குள் போகும்போது இயர் பிளக்கை லாக்கரிலேயே வைத்துவிட்டுப் போனேன்.