அறுத்த மறுநாள்

புறவழிச்சாலைக்காக எங்கள் ஐந்து மா நிலத்தை எடுத்துக்கொள்வதாக அரசு நோட்டீஸ் அனுப்பியது. வழக்குப் போட்டோம். நிற்கும் பயிரை அறுக்கும்வரை அதிகாரிகள் வயலில் இறங்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது.

“கேஸ் முடியற வரைக்கும் அறுத்துடாதீங்க. பயிர்தான் உங்களுக்குக் காவல்” என்றார் வக்கீல்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அந்த வருஷம் காவிரித் தண்ணீர் கடைமடை வரை வந்து, சம்பா நன்றாக விளைந்திருந்தது. விசாரணையோ தள்ளிக்கொண்டே போனது. முற்றிய கதிர் சாய்ந்து, நெல் உதிரத் தொடங்கியது. வானமும் இருட்டிக்கொண்டு வந்தது.

“விளைஞ்சத மண்ணுல கொட்ட விடுறது பாவங்க” என்றாள் என் மனைவி. எனக்கும் மனசு கேட்கவில்லை. அறுவடை மெஷினை நானே போய்க் கூட்டிவந்தேன்.

மறுநாள் காலையிலேயே பொக்லைன் வந்துவிட்டது. கூட வந்த தாசில்தாரிடம் தடையுத்தரவை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார். பிறகு வயலைப் பார்த்தார்.

“பயிர் எங்கங்க?”

நான்தானே அறுத்தேன். வரப்பைப் பொக்லைன் வழித்தெடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷ விதைக்கென்று கொஞ்சத்தை என் மனைவி தனியாகப் பரப்பியிருந்தாள்.