பொறுப்பான பெரியவர்

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நகராட்சி முத்திரை குத்திய பழுப்பு உறை. வேன் மாமாவின் மனைவி வேலை முடிந்து வந்த கையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பிரித்து வாசித்தாள். "இது நல்ல கூத்தா இருக்கே!" என்று சொல்லி அவர் மடியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

அவர் எடுத்துப் படித்தார். 'தங்கள் இல்லத்தில் பகல் நேரத்தில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருப்பதாகக் கள ஆய்வில் தெரியவருவதால், தங்கள் குழந்தைக்குப் பகல் காப்பகத்தில் இடம் ஒதுக்க இயலவில்லை' என்று இருந்தது. கீழே கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து.

யார் அந்தப் பொறுப்பான பெரியவர்? வீட்டில் இருப்பதே மூன்று பேர். மனைவி காலை ஆறரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குக் கிளம்பிவிடுகிறவள். மகளுக்கு வயது இரண்டேகால். மிச்சம் அவர்தான். இது அவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகும் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றரை வருஷமாக அவருக்கு எதுவுமே தோன்றுவதில்லை. பசி தெரியாது. பல் வலித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வலிக்கிற மாதிரி இருக்கும்.

அவருக்கென்று ஒரு பெயர் இல்லாமலா? லைசென்ஸில் இருக்கிறது. ஆனால் கூப்பிடுவார் யார்? பதினோரு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியதில் பிள்ளைகளுக்கு மாமா, பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் மாமா. கடைசியில் கட்டிய மனைவியே கோபம் வந்தால், "என்ன வேன் மாமா, காது கேக்கலையா?" என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அதற்கு முன்னால் சிமெண்ட் லாரி ஓட்டினார். "சிமெண்ட் மூட்டை வாந்தி எடுக்காது, ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்காது, அது ராஜ வாழ்க்கைப்பா" என்பார். சொல்வாரே தவிர, லாரிக்குத் திரும்பி வா என்று யாராவது கூப்பிட்டால் அடிக்க வருவார். கல்யாணமும் தாமதம்தான், முப்பத்தெட்டு வயதில். "ஊரான் பிள்ளையத் தூக்கி இறக்கவே பொழுது போயிருச்சுன்னா, சொந்தமா எப்பப்பா பெத்துக்கிறது?" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். நாற்பத்தொன்றில் மகள் பிறந்தாள்.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி. பிள்ளை ஏறும்போது பையை வாங்கி அதில் மாட்டுவார். பள்ளிக்கூட வாசலில் பெயர் சொல்லி ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுப்பார். பதினாலு பை, பதினாலு பிள்ளை. கம்பி காலி என்றால் வண்டி காலி. தலையை எண்ணினால் ஏமாந்துபோவோம், பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்காது, பை எங்கே ஓடப்போகிறது என்பது அவர் கட்சி. பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கு பிசகவில்லை.

பிசகிய நாளிலும் கம்பி காலியாகத்தான் இருந்தது. நாலு வயதுச் சிறுமி ஒருத்தி கடைசி சீட்டில் காலை மடக்கிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். அவள் அண்ணன் வழக்கம்போலத் தன் பையோடு தங்கை பையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். அவனைச் சொல்லி என்ன, அவனுக்கு எட்டு வயசு. வேன் மாமா கம்பியைப் பார்த்தார். கதவைப் பூட்டினார். வெயிலில் வண்டியை விட்டுவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து, உள்ளே கூட்டிப் பெருக்கலாம் என்று வந்து கதவைத் திறந்தார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து கண் விழித்தது. பெற்றவர்கள் கேஸ் வேண்டாம் என்றுவிட்டார்கள். பள்ளிக்கூடம் சாவியை வாங்கிக்கொண்டது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க" என்றார் ஒருவர். "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் இன்னொருவர். சொல்கிறவர்களுக்கு என்ன! சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். இவர் வீட்டுக்கு வந்து ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அவர் நாற்காலிக் காலைப் பிடித்துத்தான் எழுந்து நின்றாள், அதைச் சுற்றித்தான் நடந்து பழகினாள். மனைவி பக்கத்தில் இருந்தால் பிள்ளையை மடியில் ஏற விடுவார். அவள் அடுப்படிக்குப் போனால் உடனே இறக்கி விட்டுவிடுவார். "பெத்த பிள்ளைகிட்ட இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா?" என்று அவள் முதலில் அழுதாள். பிறகு திட்டினாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். பகலில் கீழ்வீட்டு அக்காதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். அப்பா மாடியில், பிள்ளை கீழே என்று ஒன்றரை வருஷம் ஓடியது.

கீழ்வீட்டு அக்கா மகனோடு வேறு ஊருக்குப் போகப்போவதாகச் சொன்ன அதே மாதத்தில்தான் நகராட்சி வார்டுக்கு ஒரு பகல் காப்பகம் திறந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. காலை ஆறு மணி முதல் சாயங்காலம் ஐந்து மணி வரை. பால், சாப்பாடு, படுக்கப் பாய் எல்லாம் அங்கேயே. நல்ல திட்டம்தான், குறை சொன்னால் வாய் வெந்துபோகும். பிள்ளையை விட இடமில்லாமல் வேலையை விட்ட பெண்கள் அந்தத் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் உண்டு. ஆனால் முப்பது இடத்துக்கு இருநூறு மனு வந்தது. வடிகட்ட ஒரு விதி போட்டார்கள். பகலில் பெரியவர் யாரும் இல்லாத வீட்டுக்குத்தான் இடம். அதைப் பார்க்க ஒரு கணக்கெடுப்பம்மா வீடு வீடாக வந்தாள்.

இவர்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது மனைவி பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பகல்ல வீட்டுல யாரும்மா இருப்பாங்க?"

"யாரு இருக்கா? இவருதான். சும்மாதான் இருக்காரு."

சும்மா! நம் பாஷையில் அந்த ஒரு சொல்லை நம்பி எதையும் சொல்லக்கூடாது. சும்மா வந்தேன் என்றால் ஒன்று, சும்மா சொன்னேன் என்றால் வேறொன்று, சும்மா இரு என்றால் அடுத்தது அடி விழும் என்று அர்த்தம். மனைவி சொன்னது, இவர் இருந்தும் இல்லாத மாதிரி, ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார் என்ற அர்த்தத்தில். கணக்கெடுப்பம்மா எடுத்துக்கொண்டது, வேலைவெட்டி இல்லை, பிள்ளையைப் பார்க்க நேரம் தாராளமாக இருக்கிறது என்ற அர்த்தத்தில். அவள் படிவத்தில் ஆள் இருக்கிறாரா என்று கேட்கத்தான் கட்டம் இருந்தது. ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்க இல்லை. 'தந்தை, வீட்டில்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

முகம் கழுவிவிட்டு மனைவி துண்டோடு வந்து எதிரில் நின்றாள்.

"அக்கா சனிக்கிழமை காலி பண்றாங்க. திங்கக்கிழமை பிள்ளைய யாரு பாக்குறது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, நான் வேலைய விட்டுடறேன். மூணு பேருமா சேந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காரலாம்."

"வேலைய விடாத."

"அப்ப நீங்க பாத்துக்கோங்க. என்ன, மலையையா தூக்கச் சொல்றேன்? நாலு வாய் ஊட்டணும், தூங்க வைக்கணும்."

"தூங்கிட்டா?"

"தூங்கிட்டா என்ன?"

"தூங்கிட்டா நான் மறந்துருவேன்."

அவள் கையிலிருந்த துண்டை மெல்ல மடித்தாள். இத்தனை நாளும் இந்த மனுஷனுக்குப் பிள்ளைமேல் பாசம் விட்டுப்போச்சு என்றல்லவா நினைத்திருந்தாள்! கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் எறும்பெழுத்தில் இருந்தது: மேல்முறையீடு வியாழக்கிழமை, வார்டு அலுவலகத்தில். ஆட்சேபணைக்குரிய நபர் நேரில் வர வேண்டும்.

"அந்த நபர் நீங்கதான்" என்றாள்.

வியாழக்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டாள். அலுவலகத்து நடை முழுக்கத் தாய்மார்களும் பிள்ளைகளும். ஒரு பிள்ளை அழுதால் நாலு பிள்ளை கூடச் சேர்ந்து அழுதன. ஆட்சேபணை அவர்மேல் என்பதால் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா. ஓரத்தில், 'பெற்றோர் பிரதிநிதி' என்று அட்டை வைத்திருந்த ஒரு பெண். வேன் மாமா இப்போதெல்லாம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா?" என்றார் அதிகாரி.

"இல்ல மேடம்."

"குடிப்பீங்களா?"

"இல்ல."

"கை காலு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் என்னங்க? அப்பான்னா பிள்ளையப் பாத்துக்கக் கூடாதா? வெளிய பாத்தீங்கல்ல, ஒத்தையா நின்னு பிள்ளை வளக்குறவங்க எத்தனை பேருன்னு? உங்களுக்குக் குடுத்தா அதுல ஒருத்தருக்கு இல்லாமப் போயிடும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. எழுந்து போய்விடலாம் என்று அவருக்குப் பட்டது. போனால் திங்கட்கிழமை காலை மனைவி கிளம்பிவிடுவாள். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே அவரும் பிள்ளையும்.

"என்னை நம்பி ஒரு பிள்ளைய விடக்கூடாது மேடம்" என்றார்.

"ஏன்?"

"ஒருதடவ விட்டாங்க."

மறுபடி பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "இப்படிப் பொத்தாம் பொதுவா சொன்னா நான் என்னன்னு எழுதுறது?"

"பாத்துக்க முடியாதவர்னே எழுதுங்க மேடம்." ஓரத்தில் இருந்த பெண்தான் பேசினாள். "இவரு வேன்ல வச்சுப் பூட்டினது என் பொண்ணைத்தான்."

வேன் மாமா நிமிர்ந்தார். அவளேதான். கொஞ்சம் இளைத்திருந்தாள். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் நீங்கள் பேசலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"பேசுவேன் மேடம். கேஸ் வேணாம்னு விட்டது மன்னிச்சு இல்ல. கோர்ட்டுக்கு அலையத் தெம்பில்லாமதான் விட்டோம். இன்னிக்கும் இவரைப் பாத்தா வயிறு எரியுது. ஆனா, என்கிட்ட விடாதீங்கன்னு அந்த மனுஷனே வாயைத் திறந்து சொல்றாரு. அதுக்கப்புறமும் ஒரு பிள்ளைய இவர் கையில திணிப்பீங்களா?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். 'தந்தை பராமரிக்க இயலாத நிலை' என்று எழுதி, அவர் பக்கம் தள்ளினார். அவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து இடம் என்றார்கள்.

வெளியே வந்து சொன்னதும் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டே நிமிஷம், கார்டு வாங்கிட்டு வந்துடறேன்" என்று பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் வேண்டாம் என்பதற்குள் கவுண்டருக்கு ஓடினாள். அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். தண்ணீர் குடிக்க அந்தப் பெண் வெளியே வந்தாள். தண்ணீர்க் குடம் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"பாப்பா எப்படி இருக்கா?" என்றார். ஒன்றரை வருஷத்தில் யாரிடமும் அவர் அதைக் கேட்டதில்லை.

அவள் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"இருக்கா. வண்டின்னா ஏற மாட்டேங்கிறா. பஸ்ஸு, ஆட்டோ எதுலயும். பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போறோம், நடந்துதான் வர்றோம். மூணு கிலோமீட்டர்."

"மழை பெஞ்சா?"

"மழையிலயும்தான்."

அவள் உள்ளே போய்விட்டாள். கார்டோடு திரும்பி வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "என்னங்க ஆச்சு? என்ன சொன்னாங்க?"

"நடந்தே போறாங்களாம்" என்றார். "மழையிலயும்."

வலித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை, அவருக்கே வலித்தது. அந்த நடையில் அத்தனை பேர் பார்க்கத் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதார். மனைவி பதறிப்போய்ப் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.