நான் கழற்றிய நட்டு

நெய்வேலியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸுக்கு ஞாயிறுதோறும் என் தாய்மாமா வருவார். பக்கத்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, அப்பா பெர்மனென்டாக இருந்த அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கார் ரிப்பேர் அவருக்குப் பொழுதுபோக்கு. எங்கள் பழைய பெட்ரோல் காரில் வாரம் ஒரு கோளாறு இருக்கும். அதைப் பிரித்துப் பூட்டிவிட்டு எங்களோடு சாப்பிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டே ஸ்பேனர் எடுத்துத் தருவது என் வேலை.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா அந்தக் காரை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கினார். மாமா பானட்டைத் திறந்து பார்த்தார். "இதுல நமக்கு ஒண்ணும் வேலையில்ல" என்று சிரித்தபடி மூடினார். அதன்பின் வரவேயில்லை. ஐந்து ஞாயிறு போயிற்று.

ஒரு சனிக்கிழமை மாலை, வைப்பருக்குத் தண்ணீர் ஊற்ற பானட்டைத் திறந்த அப்பா, போன் வந்து உள்ளே போனார். பழைய காரில் இருந்தது போலவே இதிலும் முன்னால் ஒரு சின்ன பேட்டரி. வண்டி கெட்டால் மாமா வருவார் அல்லவா? அவர் விட்டுப்போன பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, பேட்டரி வயரின் கிளிப்பை விலக்கி வைத்தேன். அப்பா திரும்பி வந்து, கவனிக்காமல் பானட்டை மூடினார்.

மறுநாள்தான் அக்காவுக்குக் கடலூரில் நுழைவுத் தேர்வு என்பது என் திட்டத்தில் வரவில்லை.

காலையில் காருக்கு உயிரே இல்லை. வாடகைக் கார் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். ஹால் டிக்கெட்டும் கையுமாக அக்கா அழ ஆரம்பித்தாள். இரண்டு வருஷமாக ராத்திரி பகலாகப் படித்தவள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள்.

பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்தார். பானட்டுக்குள் குனிந்தவர், ஓரமாகக் கிடந்த நட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றார். என் அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். "வண்டி குலுங்கிக்கினே ஓடுதில்ல, கிளிப்பு கழண்டுகிச்சி. வாரத்துக்கு ஒருதபா நான் வந்து பாத்துட்டாத் தேவல."

"அப்ப ஞாயித்துக்கெழம தவறாம வந்துடு மாப்ள" என்றார் அப்பா.

மாமா கிளிப்பை மாட்டி நட்டை முறுக்கியதும் காரில் விளக்கு எரிந்தது. அப்பாவும் அம்மாவும் அக்காவை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். நானும் மாமாவும் போனையே பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தோம். "உள்ள போயிட்டா" என்று அம்மாவின் குரல் கேட்டதும், அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் கொட்டியது.

"அந்த ஸ்பேனர எடுத்துக்கினு வா" என்றார் மாமா. கொடுத்தேன். பைக் பெட்டியில் போட்டுக்கொண்டார். சமையலறையில் இருந்த இட்லியை இரண்டு தட்டில் எடுத்து வந்தார். அன்றைக்கு நான் ஏழு இட்லி சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறிலிருந்து மாமா வந்துகொண்டேயிருந்தார். பானட்டைத் திறந்து நட்டைத் தொட்டுப் பார்ப்பார், மூடுவார், சாப்பிட உட்காருவார்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பெர்மனென்ட் வேலையில் இருக்கிறவர் வீட்டுக்கு, கான்ட்ராக்டில் இருக்கும் ஒருவர் காரணமில்லாமல் வந்து சாப்பிட எத்தனை கூச்சப்படுவார் என்பதும், அப்பா ஏன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவரை வரச் சொன்னார் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.